குழந்தையின் வேண்டுதல் முடி

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் நெசவாளர்கள் நெருக்கமாகக் குடியிருந்த ஒரு சந்தில் எங்கள் கிறிஸ்தவ சபையார் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். நூல் கிடைக்காமல் தறிகள் நின்று, அந்தச் சந்தே பட்டினி கிடந்தது. ஞாயிறு பிற்பகல்களில் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றுவோம். பி.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்த நான்தான் அதற்குப் பொறுப்பு.

எனக்குச் சுத்தத்தின் மேல் ஒரு வெறி. பிள்ளைகளின் சிரங்குக்கு மருந்து பூசுவேன், நகம் வெட்டுவேன். பேன் மட்டும் ஒழியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலை எடுத்து எல்லாருக்கும் தலையை ஒட்ட வெட்டிவிடத் தொடங்கினேன்.

“உன்ற தலை தேங்காயாட்டம் இருக்குதுடா.”

“உன்னுது சொரக்காயாட்டம். நீ பேச வந்துட்டே.”

பையன்கள் இப்படிக் கேலி பேசிக்கொண்டே வெட்டிக்கொண்டார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் பின்வாங்கியது. பிறந்தது முதல் கத்தரி படாத முடி, சிக்குப் பிடித்துத் தொங்கியது.

“எனக்கு வேண்டாமுங்க. இது சாமிக்கு நேந்தது. அம்மா சொல்லுச்சு.”

“உங்க சாமி பேனையும் சேர்த்தா கேட்டுச்சு?” என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்ததால் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையே சம்மதமாக வைத்துக்கொண்டு வெட்டினேன். வெட்டிய முடியை எல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிட்டேன்.

சற்று நேரத்தில் அவள் தாய் ஓடிவந்தாள். “முடி எங்கீங்க சாமி?”

எரிந்த இடத்தைக் காட்டினேன். அவள் உட்கார்ந்து சூட்டோடு சாம்பலைக் கிளறினாள். முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம். இது தங்கினால் முதல் முடியைக் குலதெய்வத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்திருக்கிறாள். கோயில் நாமகிரிப்பேட்டைக்கு அப்பால். தறி நின்றுபோனதால் போக முடியாமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

“ஒரு புடியாச்சும் மிஞ்சியிருந்தாப் போதுமுங்க. சாமி எம் புள்ளையக் கேட்டுப்போடுமோன்னு பயமா இருக்குதுங்க.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. குழந்தையைக் காப்பது முடி அல்ல, சோப்பும் சுத்தமான தண்ணீரும்தான் என்று விளக்கினேன். நடுவில் இரண்டு முறை “ஆமாங்க” என்றாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த வாரம் குழந்தை வரவில்லை. பசித்தால் வருவாள் என்று உடன் இருந்தவர்களிடம் சொன்னேன். அதற்கடுத்த வாரம் தாயும் மகளும் வந்து கஞ்சி வரிசையில் நின்றார்கள். தாய் தலையில் முந்தானை போர்த்தியிருந்தாள். பாத்திரத்தை நீட்டும்போது அது நழுவியது. மழுங்க மொட்டையடித்திருந்தாள்.

பின்னால் நின்றவள் கேட்டாள். “ஏன்டி, புருசன் கல்லாட்டம் இருக்கறப்போ இதென்னடி கோலம்?”

“புள்ளைக்கு நேந்தது புள்ளைகிட்ட இல்லீங்க அக்கா. என்னுதக் குடுத்துட்டு, இவளை விட்டுருன்னு கேட்டுப்போட்டு வந்தேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க சாமி. கோயிலுக்குப் போக வர நடைதான். புள்ளை சோந்துபோச்சு.”

அவள் குரலில் குத்தல் ஏதும் இல்லை. நான் அடியில் கலக்கி, அவளுக்கு ஒரு கரண்டி அதிகமாக ஊற்றினேன். பிறருக்காகத் தம்மையே கொடுத்தவரைப் பற்றி அந்தக் கொட்டகையில் வாரந்தோறும் பாடம் சொன்னவன் நான். அப்படி ஒருத்தி என் எதிரில் பாத்திரத்தோடு நின்றபோது, வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நூல் தேடி அந்தக் குடும்பம் சில மாதங்களில் ஊரைவிட்டுப் போனது. எங்கே என்று நான் விசாரிக்கவும் இல்லை.

பிற்பாடு பள்ளி ஆசிரியனாகவும் சபை மூப்பனாகவும் பல பேருக்கு மன்னிப்பைப் பற்றிப் போதித்திருக்கிறேன். அன்று அதிகமாக ஊற்றிய அந்த ஒரு கரண்டிக் கஞ்சியை, அவளிடம் கேட்ட மன்னிப்பு என்று என்னால் இன்றுவரை எண்ணிக்கொள்ள முடியவில்லை.