வேலிக்கு இரண்டு நிமிடம்

எங்கள் வானொலி நிலையத்தின் டிரான்ஸ்மிற்றர் ஒரு சின்ன அலுமாரி அளவுதான் இருக்கும். அது உண்ணும் மின்சாரத்தில் ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், அவ்வளவே. அந்த மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டமே பாட்டுக் கேட்கிறது. பதினாறு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்த பிறகும் இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தால் வியப்புப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தப் பெட்டி பல காலமாக மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையில் நின்ற கோபுரத்தின் அடியில் இருந்தது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரைக்கு நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் போகும் படுவான்கரைக்கு அப்படியில்லை. கொக்கட்டிச்சோலையைத் தாண்டினால் இரைச்சல் கலக்கத் தொடங்கும். வெல்லாவெளிக்குப் போனால் எங்கள் அறிவிப்பாளர் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். மரண அறிவித்தலில் ஊர் கேட்கும், பெயர் கேட்காது. "செத்தது ஆரெண்டு தெரியாம அழுதுகொண்டிருக்கம்" என்று ஒருவர் தொலைபேசியில் எங்களை ஏசினார்.

கடைசியில் டிரான்ஸ்மிற்றரை உள்ளே, படுவான்கரையில் ஒரு பாறைக்குன்றின் மேல் கொண்டுபோய் வைப்பதென்று முடிவானது. மெத்தையில் சுற்றி லொறியில் ஏற்றினோம். மார்கழி மழை. பாதி வழியில் லொறி சேற்றில் புதைந்தது. பாறையின் மேல் கோபுரத்துக்குக் குழி தோண்ட வந்தவர்கள் என்னிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. எனக்கு வாய் நீளம், வேலை நேரத்தில் இன்னும் நீளும். மூன்று கிழமையில் எல்லாம் முடிந்தது.

முதன்முதலாக அதை இயக்கிய காலை மழை விட்டிருந்தது. பாறையின் மேலிருந்து பார்த்தால் நாலு பக்கமும் பச்சை வயல், கிழக்கே எல்லையில் வாவி மெல்லிய கோடாகத் தெரிந்தது. என்னுடன் வேலை செய்யும் தம்பி மின் ஆளியைப் போட்டான். சத்தமில்லை, புகையில்லை. ஒரு முள் மட்டும் மெதுவாக மேலே ஏறியது. அந்தக் கணத்தில் வயலுக்கும் குளத்துக்கும் ஓட்டுக்கூரைக்கும் மேய்கிற மாட்டின் வயிற்றுக்கும் உள்ளால் எங்கள் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாடு தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்து எங்கெங்கே எப்படிக் கேட்கிறது என்று பார்க்கவேண்டும். பத்து நாள் கழித்து, தம்பியைப் பாறையில் விட்டுவிட்டு நான் ஸ்கூட்டியில் கிளம்பினேன். முன்கூடையில் அளவுக்கருவி, ஒரு சின்ன வானொலி, படிவக் கட்டு. படிவத்தில் இடம், பலம், தெளிவு, குறை என்று நாலு நிரல். கொக்கட்டிச்சோலைத் தேத்தண்ணிக் கடையில் எங்கள் செய்தியை மேசைக்கு மேசை கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெல்லாவெளியில் ஒரு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "நம்மட வளவுக்குள்ள வந்து நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கு" என்றார். குறை என்ற நிரலில் நான் போட்டதெல்லாம் ஒரு கோடுதான். கோடு போடப் போட எனக்குத் தலை கனத்தது.

வெல்லாவெளிக்கு அப்பால், காட்டோரம் ஒரு பெரிய வட்டை. வயல்வெளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வரம்போரம் ஒரு வாடி, காவலுக்குப் போட்ட ஓலைக்குடில். வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வானொலியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. எங்கள் நிலையத்தின் பாட்டு அதில் கண்ணாடிபோல் கேட்டது.

"எப்பிடி அண்ணன், நல்லாக் கேக்குதா?" என்றேன், பதில் தெரிந்தவளின் குரலில்.

"நல்லாக் கேக்குது புள்ள. அதுதான் கரைச்சல். முந்தின மாதிரி ஆக்க ஏலாதா?"

எனக்கு ஏறியது கோபம். மூன்று கிழமை மழையில் நனைந்து, சேற்றில் புரண்டு இவருக்காகத்தான் இதைக் கொண்டுவந்தோம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் திட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அவர் எழுந்து, வரம்பால் என்னைக் காட்டோரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே யானை வேலி ஓடியது. கட்டைகளுக்கு இடையே இழுத்த இரண்டு கம்பிகள். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் இருக்கும் பெட்டி செக்கனுக்கு ஒருமுறை அந்தக் கம்பிகளுக்குள் ஓர் அடி மின்சாரத்தை அனுப்பும். தொட்டால் உயிர் போகாது, ஆனால் யானை பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் பார்க்காது. அவர் வானொலியைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோனார். பாட்டு அதே தெளிவோடு ஓடியது.

"கேக்குதா?"

"பாட்டுத்தானே கேக்குது?"

"அதுதான் சொல்றன். முந்தி பாட்டு மெல்லமாக் கேக்கும். அதுக்குள்ள டிக், டிக், டிக்கெண்டு வரும். அது வந்தா வேலி உசிரோட இருக்கு. நிண்டா செத்துப்போச்சு. பொழுதுபடமுந்தி கம்பியோட நடந்து கேட்டுக்கிட்டே போவம். இந்த வட்டையில எல்லா வாடியிலயும் இதுதான் வழக்கம்."

பலமான பண்பலைச் சிக்னல் சின்னச் சத்தங்களை விழுங்கிவிடும். அதன் பெருமையே அதுதான் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பலவீனமான சிக்னலில் அவை மேலே வந்துவிடும். பதினாறு வருடம் நான் இரைச்சல் என்று அடித்து விரட்டிய ஒன்றை இங்கே ஒரு வட்டையே காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது. எங்கள் போர்வைக்குரல்தான் இவர்களுடைய கருவி. யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் இல்லை. என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் வானொலியோடு வேலிப்பக்கம் நடந்திருக்கிறார், அவருடைய காது கூர்மையாக இருந்திருக்கிறது.

"நிலையம் இல்லாத இடத்தில றேடியோ முள்ள வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"வெறும் இரைச்சல். அதுக்குள்ள இது அமிழ்ந்து போகுது. அன்ரனாவ உள்ள தள்ளிப் பாத்தன். போன கிழமை சோத்துப்பானைக்குள்ள வெச்சும் பாத்தன். பாட்டு, டிக் ரெண்டும் போயிட்டு. மனிசி பேசினதுதான் மிச்சம்."

மத்திய அலை உள்ள பழைய பெட்டியாக இருந்தால் அந்த டிக் தனியாகவே கேட்டிருக்கும். இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் ரோச் லைற்றும் சேர்ந்த சின்னப் பெட்டிகள், பண்பலை மட்டும். அவர் கையில் இருந்ததும் அதுதான்.

நெல் பால் பிடித்திருந்தது. யானை மணம் பிடித்துக்கொண்டு வருகிற பருவம். மூன்று நாளுக்கு முன்னர் அடுத்த வயல்காரரின் வெள்ளாமையை ஓர் இரவில் துவைத்துவிட்டுப் போயிருந்தன. வேலி செத்துக்கிடந்தது விடிந்த பிறகுதான் தெரிந்ததாம். அன்று மாலையும் அந்த வயல்காரர் வானொலியோடு நடந்திருக்கிறார். எங்கள் பாட்டு மிக நன்றாகக் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து இவரும் மனைவியும் கண்மூடவில்லை. ஆறு மாத உழைப்பு முன்னால் நிற்கிறது, பின்னால் ஓலைக்குடிலுக்குள் இரண்டு உயிர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அந்தக் குரங்கைப் பிடித்தவள் நான்தான்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். "பவரைக் குறை."

"ஏன் அக்கா? நல்லாத்தானே போகுது? எவ்வளவு குறைக்க?"

"கடைசிப் படி வரைக்கும் குறை. நான் சொல்லும் வரைக்கும் கூட்டாத."

அவர் அன்ரனாவை உள்ளே தள்ளி வானொலியைக் கம்பிக்கு நேரே பிடித்தார். பாட்டின் ஓரங்கள் மங்கின. இரைச்சல் எழுந்தது. பாடுகிறவர் தூரத்துக்குப் போய்விட்டார். அப்போது கேட்டது. டிக். டிக். டிக். நாடி பார்க்கும்போது விரலில் படுவதுபோல் ஒரே சீராக. கண்ணுக்குத் தெரியாத ஒன்று காட்டோரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, அதை ஒரு கைக்கடக்கமான பெட்டி சொன்னது. பாறையின் மேல் முள் ஏறியபோது நான் வியந்ததெல்லாம் இதற்கு முன்னால் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. என் கண் கலங்கிவிட்டது, அவர் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

கம்பியோடு நடந்தோம். கட்டைக்குக் கட்டை டிக் எங்கள் கூடவே வந்தது. ஒரு வளைவு தாண்டியதும் நின்றுவிட்டது.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். திரும்பி நாலடி வந்தார், கேட்டது. முன்னே நாலடி போனார், இல்லை. அந்த வளைவில் ஒரு கொப்பு முறிந்து விழுந்து மேல்கம்பியை அறுத்துக் கீழ்க்கம்பியையும் கழற்றிவிட்டிருந்தது. அதற்கு அப்பால் முழு வேலியும் வெறும் கம்பி. ஈர மண்ணில் சுளகு அகலத்தில் அடித்தடம் ஒன்று இருந்தது. அது வேலிக்கு இந்தப் பக்கம். இன்னும் தண்ணீர் ஊறாத தடம்.

"காலையில வந்து பாத்திட்டுப் போயிருக்கு" என்றார். வேலிப் பெட்டி இருந்த வீட்டுக்குப் போன் பண்ணி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கொப்பை வெட்டி, கம்பியை முறுக்கிக் கட்டினார். மறுபடி போடச் சொன்னதும் வளைவுக்கு அப்பாலும் டிக் ஓடியது. வாடியில் அவர் மனைவி எனக்குப் பாலில்லாத வெறும் தேத்தண்ணி தந்தார். அந்தம்மாவுக்கும் என்மேல் கோபம் இருந்தது, ஆனால் தேத்தண்ணியில் சீனி குறையவில்லை.

"ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே எண்டு சொல்லுவாங்களே புள்ள. காட்டானைக்கு ஆர் மணி கட்டினது? இந்த டிக் டிக்தான் எங்களுக்கு மணி. அத நீங்க கழட்டிக்கிட்டுப் போயிட்டீங்க" என்றார் அந்தம்மா.

அதற்குள் தம்பி ஆறுமுறை அழைத்துவிட்டான். நகரத்தில் நிலையம் முற்றாக மறைந்துபோய், நிலையப் பணிப்பாளர் அவனைப் பிடித்துத் தின்கிறாராம். பவரைக் கூட்டச் சொன்னேன். பாட்டு கண்ணாடிபோல் திரும்பி வந்தது, டிக் போய்விட்டது. அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

மறுநாள் பணிப்பாளரின் மேசையில் படிவங்களை வைத்தேன். கடைசிப் படிவத்தில் பலம், தெளிவு இரண்டுக்கும் முழுப் புள்ளி. குறை என்ற இடத்தில் 'மிக நன்றாகக் கேட்கிறது' என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டுதரம் வாசித்தார். வேலிக் கதையைச் சொன்னேன்.

"பொழுதுபட முன்னம் ரெண்டு நிமிசம் பவரைக் குறைக்க வேணும் சேர். ஒவ்வொரு நாளும்."

"ரெண்டு நிமிசம் நகரத்துக்கு நிலையமே இல்லாமப் போகும். தெரியுமா?"

"தெரியும்."

"வேலி பாக்கிற மீற்றர் ஒண்டு வாங்கிக் குடுத்தா என்ன?"

"குடுப்பம் சேர். வட்டை முழுக்க வாடி. எல்லாருக்கும் கிடைக்கிற வரைக்கும் யானை பொறுத்திருக்குமா?"

அவர் கதிரையில் சாய்ந்தார். "அப்ப அந்த ஆக்கள் எங்களைக் கேக்கிறதே இல்லையா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

"எங்களுக்குள்ளால வேலியக் கேக்கிறாங்க சேர்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "அறுவடை முடியிற வரைக்கும்" என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அவரைப்பற்றி எத்தனையோ குறை சொன்னவள். அன்று அவருடைய காலில் விழலாம்போல இருந்தது.

அன்று மாலையே தொடங்கினோம். நான் பாறைக்குப் போய்விட்டேன். மழைமேகம் விலகி, மேற்கே காட்டுக்குமேல் வெயில் சாய்ந்திருந்தது. ஐந்தரை மணி மரண அறிவித்தல் முடிந்ததும் அறிவிப்பாளர் நாங்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். "படுவான்கரைக் காவல் வாடிகளில் இருக்கும் நேயர்களே, அடுத்த இரண்டு நிமிடம் உங்கள் வேலிக்கு." நான் பவரைக் கடைசிப் படிவரை இறக்கினேன். கீழே விரிந்து கிடந்த வயலில், ஒவ்வொரு வாடியிலிருந்தும் ஒருவர் எழுந்து கம்பியோரம் நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு தூரத்தில் எவரையும் தெரியவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

இரண்டு நிமிடம் முடிந்தது. கூட்டினேன். கேட்டதா இல்லையா என்று அந்த வாடிக்காரர் எனக்குப் போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஐந்து நிமிடமாயிற்று, பத்து நிமிடமாயிற்று, எடுக்கவில்லை. வேலி மறுபடி அறுந்ததோ, போன இடத்தில் யானை நின்றதோ? நானே எடுத்தேன். மனைவிதான் பேசினார், மூச்சுச் சத்தம் அளவில்.

"மெல்லக் கதையுங்க புள்ள."

"என்ன, வேலி கேக்கல்லையா?"

"கேட்டது, கேட்டது. நாங்க நடந்து பாத்தம், கடைசிக் கட்டை வரைக்கும் டிக் டிக்கெண்டு கேட்டது. வந்து இதில சாஞ்சவர்தான், நித்திரையாப் போயிற்றார். எத்தின நாளைக்குப் பிறகு! நெஞ்சில கிடந்து உங்கட றேடியோ பாடுது. எடுத்தா முழிச்சிருவார் எண்டு நான் தொடல்ல."

அவர் போனை வைத்த பிறகுதான் எங்கள் நிலையத்தில் என்ன போகிறது என்று கவனித்தேன். மத்தளமும் எக்காளமுமாக ஒரு குத்துப்பாட்டு. மாவட்டம் முழுக்க அது முழங்கிக்கொண்டிருந்தது. நான் உடனே நகரத்திலுள்ள கலையகத்துக்குப் போன் எடுத்து, அந்தப் பாட்டை நிறுத்திவிட்டு மெல்லியதாக ஒன்று போடச் சொன்னேன்.