அம்மாக்களுக்குக் கல்கண்டு

"ஆ காட்டுங்க" என்றார் மைதிலி டீச்சர். சௌந்திரம் வாயைத் திறந்தாள். உள்ளே ஒரு கல்கண்டு விழுந்தது. "கடிக்கக் கூடாதுங்க. கரையற வரைக்கும் புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது."

டீச்சரின் கைப்பையில் எந்நேரமும் ஒரு கல்கண்டு டப்பா இருக்கும். அது பிள்ளைகளுக்கு அல்ல, அம்மாக்களுக்கு. பகலில் திருச்செங்கோட்டில் ஒரு சிறப்புப் பள்ளியில் வேலை. சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போவார். பாடம் நடத்த மாட்டார். புத்தி இருந்தும் ஒரு வேலையை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்று திணறும் பிள்ளைகளுக்கு அதைப் பழக்குவார். "டியூசனும் இல்ல, வைத்தியமும் இல்ல, இதுக்கொரு டீச்சரா?" என்று சௌந்திரத்தின் கணவர் தனபால் முதலில் சிரித்தார்.

மகள் தனப்பிரியா கணக்கில் புலி. ஆனால் குளிக்கப் போனவள் துண்டெடுக்க வந்து, துண்டையும் மறந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பாள். "ஏஞ்சாமி, பல்லு தேச்சியா? பேக்கு எங்க? பஸ்சு போயிரும்!" என்று சௌந்திரத்தின் வாய் காலை முழுக்க ஓயாது. விட்டுப்போன டிபன் பாக்ஸ், பேனா எல்லாம் சௌந்திரத்தின் மொபட்டில் ஏறிப் பள்ளிக்கூடம் போகும். பொறுப்பில்லாத பிள்ளை என்று சொந்தபந்தமெல்லாம் சொன்னது.

"பொறுப்பில்லாம இல்லீங்க. அவ நெனைக்க வேண்டியதையெல்லாம் நீங்களே நெனச்சுப்போடறீங்க. நாளைக்குச் சேலத்து ஹாஸ்டல்ல போய்ப் படிக்கோணும்ங்கறா. அங்கயும் மொபட்டுல போவீங்களா?" என்று டீச்சர் கேட்டார். கோபம் வரவேண்டிய இடத்தில் சௌந்திரத்துக்கு அழுகை வந்தது. மகளைக் குறை சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

டீச்சரும் மறதியில் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு தடவை சௌந்திரத்தின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதனால் கிளம்பும்போதெல்லாம், "கண்ணு, கழுத்து, தோளு, கையி" என்று தொட்டுப் பார்ப்பார். கண்ணாடி, அடையாள அட்டை, பை, கடிகாரம். பக்கத்து வீட்டு உண்ணாமலை அதைப் பார்த்து, டீச்சருக்கு பக்தி ஜாஸ்தி என்று நினைத்திருந்தாள். தனப்பிரியாவுக்கும் டீச்சர் இதையேதான் பழக்கினார்.

பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று, மனசு கேட்காமல் டீச்சரும் காலையிலேயே வந்துவிட்டார். தனப்பிரியா கிளம்பினாள். வாசற்படியில் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. அவளுடைய படிக்கிற கண்ணாடி டி.வி. பக்கத்தில் கிடந்தது. அது இல்லாவிட்டால் அவளுக்கு மூன்றும் எட்டும் ஒன்றுதான்.

சௌந்திரம் அதைப் பார்த்துவிட்டாள். கூப்பிட்டால் கண்ணாடி போய்ச் சேரும். ஹாஸ்டலில் யார் கூப்பிடுவார்கள்? திரும்பிப் பார்த்தால், டீச்சரே பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்துவிட்டார். "தனா..."

சௌந்திரம் டீச்சரின் கைப்பையிலிருந்து டப்பாவைப் பிடுங்கி, திறந்த வாயில் ஒரு கல்கண்டைப் போட்டாள். இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பாதிக் குரல் வாசல் கேட் வரை எட்டவில்லை. கேட்டின் கொக்கியில் கை வைத்த தனப்பிரியா, தானாக நின்றாள். கண்ணைத் தொட்டாள். "அய்யோ!" என்று உள்ளே ஓடிவந்து கண்ணாடியை மாட்டினாள். கழுத்து, தோள், கை என்று தொட்டுக்கொண்டே, "வாரேனுங்க டீச்சர், வாரேம்மா" என்று பறந்தாள். பதில் சொல்ல இருவரின் வாயும் சும்மா இல்லை.

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. சௌந்திரம் டீச்சரின் கைகள் இரண்டையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

டீச்சர் கல்கண்டைக் கடக்கென்று கடித்தார்.