மேயர் ஏற்றவிடாத கொடி

டகோட்டாப் புல்வெளியில் ஆள் நடமாட்டமே இல்லாத காலத்தில், ஒரு வண்டி மாவும் மண்ணெண்ணெயுமாக வந்து இறங்கியவர் ஓரின் டாக்கெட். பன்னிரண்டே வருஷத்தில் கடை, மரக்கிடங்கு, மேயர் பதவி எல்லாம் அவர் கையில். கெட்டிக்காரர்தான், யார் இல்லையென்றது? குடியேற வந்தவனுக்கு ஏர் விற்றதும் அவர்தான், அவனிடம் ஓட்டுக் கேட்டதும் அவர்தான், செத்தால் சவப்பெட்டி கொடுத்ததும் அவர்தான்.

அந்த நவம்பரில், மாவட்டத் தலைநகர் எது என்று வாக்கெடுப்பு. இவருடைய லார்க்கினா, ஒன்பது மைல் தள்ளியிருந்த மெரிடனா? தோற்ற ஊரில் வீடுகளை உருட்டுக்கட்டைமேல் ஏற்றி, மாடு பூட்டி, ஜெயித்த ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தேவாலயத்தைக்கூட விடமாட்டார்கள். அப்படி ஓர் ஊரே காணாமல் போனதைக் கண்ணால் பார்த்தவர் டாக்கெட்.

வாக்கெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, நார்வேக்காரர் டொர்கில்சனின் ஏழு வயது மகன் இறந்தான். டாக்டர் ப்ரூயிட் கடைக்கு ஓடிவந்தார்.

"தொண்டை அடைப்பான், மேயர். தொத்து நோய். யாரும் உள்ள போகாதபடி அந்த வீட்டுல சிவப்புக் கொடி ஏத்தணும். பள்ளிக்கூடத்தை மூடணும்."

"கொடி ஏத்தினா மெரிடன்காரன் பத்திரிகையில போட்டுக் கொண்டாடுவான். அப்புறம் எந்தப் பண்ணைக்காரன்யா ஓட்டுப் போட ஊருக்குள்ள கால் வைப்பான்? சளிக்கட்டுன்னு எழுதுய்யா."

"எழுதிட்டு நான் எப்படித் தூங்குறது?"

"பத்தே நாள். அப்புறம் ஊர் பூரா கொடி கட்டிக்கோ."

டாக்டர் எழுதிக் கொடுத்தார், பாவி மனுஷன்.

பிள்ளை இறந்தால் பள்ளித் தோழர்கள் வெள்ளை உடுத்தி, வரிசையாக வந்து நெற்றியில் முத்தமிட்டு வழியனுப்புவது அங்கே வழக்கம். அதை நிறுத்தினால் சந்தேகம் வரும். டாக்கெட் சவப்பெட்டியைச் சும்மா கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றார். சளிக்கட்டு, சளிக்கட்டு என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே அது உண்மையாகிவிட்டது. இல்லாவிட்டால், எட்டு வயது மகள் ஹெட்டிக்குப் பெட்டி எட்டவில்லை என்று அவரே இடுப்பைப் பிடித்துத் தூக்கியிருப்பாரா?

"குடு கண்ணு. உன் சிநேகிதன்தானே."

நாற்பத்தோரு ஓட்டில் லார்க்கின் ஜெயித்தது. வாத்தியக்காரர்களோடு ஊர்வலம் அவர் வாசலுக்கு வந்தபோது, மனைவி லவினியா தன் சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கதவில் கட்டிக்கொண்டிருந்தாள். வாத்தியம் நின்றது. தங்கள் பிள்ளைகளும் அதே வரிசையில் போனவர்கள்தான் என்பது சிலருக்கு அங்கேயே உறைத்தது. ஒருத்தி தன் வீட்டை நோக்கி ஓடினாள்.

மூன்றாம் நாள் ஹெட்டி போய்விட்டாள். அன்று காலைதான் மேயர், தலைநகரான தன் ஊருக்கு முதல் உத்தரவைப் போட்டிருந்தார்: இந்த நோயில் இறந்தவர்களை யாரும் தொடக்கூடாது, கூட்டம் கூடாமல் உடனே புதைக்க வேண்டும்.

பெட்டியில் கிடத்திய மகள்மேல் லவினியா குனிந்தாள். டாக்கெட் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"வேண்டாம் லவினியா. தொத்திக்கும்."

"இப்பத் தொத்திக்குமா?" என்று அவள் கத்தினாள். "அன்னிக்கு அந்தப் பையன்கிட்டத் தூக்கிக் காட்டினீங்களே, அப்பத் தெரியலையா? மூணு நாளா எம் மடியில கிடந்தவ. விடுங்க என்னை!"

அவர் விடவில்லை. விட்டால் இவளும் போய்விடுவாள் என்று நடுங்கினார். அவள் அவர் மார்பில் அடித்துக்கொண்டேயிருக்க, மறு கையால் மூடியை இழுத்துச் சாத்தினார்.