கங்கா கையில் புளியங்கொட்டை

கங்காவின் புருஷன் மோகன் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டியவர். ஹாரன் அடித்து வழி வாங்குவாரே தவிர, யாருக்கும் வழி விட்டவரில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனை மாரடைப்பு ஒரே நாளில் ஓரங்கட்டிவிட்டது. ஊர்ச் சுடுகாட்டில் ஓடைக்கரைப் பக்கமாகப் புதைத்தார்கள். அன்றைக்கு அவருக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பஸ்ஸையே நிறுத்தலாம். இப்போது சைக்கிளை நிறுத்துவதே கஷ்டம்.

மேட்டுக் கொல்லைகளெல்லாம் ஷெட்டும் சிமென்ட் தரையுமாக ஆனபிறகு, பெய்கிற மழைக்கு இறங்க மண் இல்லை. மொத்தத் தண்ணீரும் ரோட்டு மதகு வழியாக ஓடையில் விழுந்து, கரையைக் கரைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து மெட்ராஸ்காரர்கள் குடிக்கிறார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஓடை மோகனிடம் கொஞ்சம் நெருங்கி வந்தது.

கங்கா கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறவள். கரையைக் காப்பாற்றச் சொல்லி அவள் ஏறாத ஆபீஸ் கிடையாது. எல்லாரும் நன்றாக உட்காரவைத்துப் பேசி அனுப்பினார்கள். அதனால் மண் அரிப்பைத் தடுக்கும் திட்டம் ஊருக்கு வந்தபோது, கமிட்டியில் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள்.

திட்டத்துக்கு வந்த இன்ஜினியர் ஷாரோன் சின்னப் பெண். ஊர்க்காரர்களே வரைபடம் போட வேண்டும் என்றாள். சமுதாயக்கூடத்து வாசலில் பெண்கள் கோலமாவால் ஊரை வரைந்தார்கள். மண் அரிக்கிற இடத்தில் சிவப்புப் பொடி தூவச் சொன்னாள். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தன் வீட்டு வாசலில் தூவிவிட்டார்கள். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிற டில்லிபாபுவும் ஒரு பிடி போட்டான்.

"மாடில இன்னாடா மண்ணு அரிக்குது?" என்றாள் கங்கா.

"டேங்க் ஒழுவுதுக்கா."

சிவப்புப் பொடி தீர்ந்துபோனது. ஷாரோன் தலையில் கைவைத்துக்கொண்டாள். இந்த வருஷம் கல் தடுப்பு ஒன்றுதான் கட்ட முடியும். ஓடை நெடுக நடந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டையைக் கோலத்தில் வேண்டிய இடத்தில் வைக்கட்டும், எங்கே அதிகமோ அங்கே கட்டலாம் என்றாள்.

கங்கா அந்த வாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள். கொட்டை சுடுகாட்டுக் கரைக்குத்தான் என்று சத்தியம் வாங்காத குறை. அவள் கேட்காமலே ஒத்துக்கொண்டவள் லீலா ஒருத்திதான். சுடுகாட்டுக்கு எதிர்க்கரையில், ஓடையை ஒட்டின ஷீட் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள்.

"ஷிப்டுக்கு லேட்டா ஓடியாந்தா அண்ணன் பஸ்ஸ நிறுத்தி ஏத்திக்கும். என் கொட்ட அண்ணனுக்குத்தான் அண்ணி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஓடையோரமாக மதகுவரை நடந்தார்கள். வழியில் யாரோ ஒரு பிளாட்காரன் தன் பக்கத்துக் கரையில் கல்சுவர் எழுப்பியிருந்தான். அவன் இடம் அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கம்தான் கரையைக் காணோம். ஒரு பனைமரம் வேரெல்லாம் தெரிய அந்தரத்தில் நின்றது.

கங்கா அந்தப் பனையையே பார்த்தாள். "ஏம்மா, நாம சுடுகாட்டுக்கிட்ட கட்டினாலும் இப்டித்தானா?" என்று ஷாரோனைக் கேட்டாள்.

"ஆமாக்கா. ஒரு பக்கம் கட்டுனா தண்ணி எதிர்ப்பக்கம் மோதும். மதகுக்கிட்ட குறுக்க கட்டுனா ரெண்டு கரைக்கும் வேகம் குறையும். ஆனா அது பெரிய வேலை, முடியறதுக்குள்ள மழை வந்துடும். இந்த வருஷம் கரை கொஞ்சம் போகும்."

திரும்பி வரும்போது டில்லிபாபு ஏதோ கேலி பேசினான், கங்கா திட்டவில்லை. அவனுக்கே பயமாகிவிட்டது.

கோலத்துக்கு முன்னால் வரிசை நின்றது. லீலா முதலில் போய்ச் சுடுகாட்டின்மேல் தன் கொட்டையை வைத்தாள். அடுத்து வந்த கங்கா குனிந்து அதை எடுத்தாள். அதையும் தன்னுடையதையும் மதகின்மேல் வைத்தாள்.

"இன்னா அண்ணி பண்ற? அண்ணன் போயிடும்!"

"அவரு போயி பல வருசமாச்சு. உன் புள்ளைங்க அந்த எதிர்க்கரை வூட்டுல தூங்குதுங்க." நிமிர்ந்து ஊரைப் பார்த்தாள். "ஆயுசுல ஒரு தபா அந்த ஆளு வழி விடட்டும்."

வரிசையில் நின்றவர்களின் கொட்டைகளும் மதகுக்குப் போயின.

தடுப்பு பாதி எழும்பியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்து ஓய்ந்த காலையில் கங்கா சுடுகாட்டுக்குப் போனாள். எதிர்க்கரையும் லீலா வீடும் வைத்தது வைத்தபடி இருந்தன. இந்தக் கரையில் மோகன் இருந்த இடத்தைத்தான் காணவில்லை. தலைமாட்டில் நட்ட கல்கூட இல்லை. சுற்றிக்கொண்டு ஓடி வந்த லீலா, பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதடி. மெட்ராஸ்ல வூடு பாத்துக்கினு போலாம்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கெஞ்சுவாரு. நான்தான் இந்த ஊர வுட்டு வரமாட்டேன்னு நின்னுட்டேன்."

செம்மண் தண்ணீர் ஏரிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கங்கா அது வளைந்து மறைகிற இடத்தையே பார்த்தாள்.

"தனியாவே கெளம்பிட்டாரு பாரு" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.