வெள்ளிக்கிழமை இரண்டேகால் மணி போன்

வீட்டு வேலைக்கு வளைகுடா போன என் மனைவியின் செல்லையும் பாஸ்போர்ட்டையும் அந்த வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது குத்துக்கல்வலசையில் உள்ள எங்கள் வீட்டு லேண்ட்லைன் நம்பர் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அவர்கள் தொழுகைக்குப் போனதும் அங்கிருக்கும் போனில் கூப்பிடுவாள். நமக்கு அது இரண்டேகாலில் இருந்து மூன்று மணிக்குள்.

"அடுத்த வாரம் இந்த வீட்டு விலாசம் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க" என்று சொல்லியிருந்தாள். அவளை மீட்க மனு கொடுக்கப் போனேன். மனு எழுதிக் கொடுப்பவர், விலாசம் இல்லாமல் பேனாவையே திறக்கவில்லை.

பழைய லைன் கரண்டு இல்லாமலே பேசும். இப்போது இருப்பது ஃபைபர் லைன். சுவரில் இருக்கும் பெட்டிக்குக் கரண்டு வேண்டும். சாரல் காலத்தில் காற்றடித்து மரக்கொப்பு முறிந்தால் கரண்டு போகும், செல்லில் சிக்னலும் போகும். அதனால் தென்காசியில் அந்தப் பெட்டிக்கென்று ஒரு சின்ன பேட்டரி வாங்கினேன்.

"நாலு மணி நேரம் தாங்கும். மதினி அதுக்கு மேலயும் பேசுவாகளோ?" என்றார் கடைக்கார அண்ணாச்சி. நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு எதற்கும் பேட்டரி வேண்டுமா என்று கேட்க நினைத்ததைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே கரண்டு போய்விட்டது. ஐந்தருவியில் நான் போட்டிருக்கும் சிப்ஸ் கடையைச் சீசன் கூட்டம் நிற்கும்போதே அடைத்துவிட்டு வந்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நோட்டும் பேனாவுமாக அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

இரண்டே முக்கால் வரை போன் அடிக்கவில்லை. சந்தேகப்பட்டு எடுத்துக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. அது கம்பியில்லாத போன். அதை வைக்கிற தட்டின் பிளக் கரண்டு இல்லாத சுவர் சாக்கெட்டில் இருந்தது. பெட்டிக்குப் பேட்டரி கொடுத்தவன் போனுக்குக் கொடுக்கவில்லை.

பரணில் பழைய சிவப்பு போன் கிடந்தது ஞாபகம் வந்தது. அதற்குத் தனிக் கரண்டு வேண்டாம். இழுத்துப் போட்டு அதன் வயரைப் பெட்டியில் செருகினேன். உர்ரென்று சத்தம் வந்தது. வைத்த கொஞ்ச நேரத்தில் அடித்தது.

"எங்கன போனிய? மூணு தடவ அடிச்சிட்டேன்."

"இங்கனதான் இருந்தேன். விலாசத்தச் சொல்லு."

"இங்கிலீசு எழுத்தாச் சொல்லட்டா?"

"வேண்டாம். நீ சொல்லுதத தமிழ்லயே எழுதுதேன்."

அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. வீட்டு எண்ணை எழுதினேன். தெருவின் எண்ணை எழுதினேன்.

"ஊரு பேரு?"

அவள் முதல் எழுத்தைத் தொடங்கினாள். அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

நான் முதலில் பேட்டரியைத்தான் பார்த்தேன். அது தீர்ந்திருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.