ஈரம் பட்ட குப்பி

நில்டா பெர்த்தோலினிக்குக் காத்திருக்கத் தெரியும் என்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து ஆய்வகம் ஒன்றில் எல்லோரும் சொல்வார்கள். அது பாராட்டுதானா என்பதில் அவளுக்கே சந்தேகம் உண்டு.

சாகாஸ் நோயைக் கண்டறியும் சோதனைப் பெட்டிகளுக்காகப் புரதங்களில் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிணைப்பது அவள் வேலை. அதற்கான வெள்ளைத் தூள் ஃப்ரீசரில் இருக்கும். அதன் மூலக்கூறின் ஒரு முனையில் பயோட்டின். மறுமுனை புரதத்தைப் பற்றிக்கொள்ளும். நடுவே நெடிய பாலிமர் கை. பற்றுகிற முனைக்கு ஈரம் ஆகாது. குப்பியின் குளிர் முழுக்க விடும்வரை மூடியைத் தொடக் கூடாது. அதற்குள் திறந்தால் பரானா ஆற்றங்கரைக் காற்று உள்ளே போய் வேர்த்து, தூள் கெட்டுவிடும்.

அன்று குப்பியை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் எர்னானின் செய்தி வந்தது. ஒரு காலத்தில் அவளுடைய காதலன்; ஒன்பது வருடங்களுக்கு முன் ஸ்பெயினுக்குப் போனவன். அம்மாவின் வீட்டை விற்க வந்தானாம். விமானம் பிடிக்க மாலைப் பேருந்தில் புறப்படுகிறான்; பேருந்து நிலையத்துக்கு வர முடியுமா?

ஸ்பெயினுக்குப் போகும்போது அவன் அவளைக் கூட வரும்படி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். ஏன் கூப்பிடவில்லை என்று மட்டும் அவனிடம் கேட்க வேண்டும்.

"இன்னும் என்னடி அந்தக் குப்பிகிட்ட குசலம் விசாரிச்சுக்கிட்டு இருக்க?" சோதனைப் பெட்டிகளைக் கட்டும் எல்பா, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டினாள்.

"இன்னும் சில்லுனு இருக்கு."

"அங்க அவன் சூடாறிப் போயிடுவான். கிளம்புடி!"

"புரதம் தயாரா இருக்கு. இன்னைக்கே போட்டாகணும்."

"ஒம்போது வருஷம் உனக்குப் பத்தலையா?"

நில்டா திறந்தாள். கண்ணாடியில் பனி படிந்திருப்பது தெரிந்தும் திறந்தாள். கரைத்தாள், கலந்தாள், ஓடினாள்.

பேருந்து நிலையத்தில் நின்ற எர்னான் இளைத்திருந்தான். ஸ்பெயினில் வலென்சியா நகரத்து வாடகை, முட்டிவலி, அங்கே நல்ல மாத்தே இலை கிடைக்காதது என்று பேசிக்கொண்டே போனான்.

"நீ ஏதோ கேக்க வந்த மாதிரி இருக்கே?"

"இல்லையே. வண்டி வந்துடுச்சு பாரு."

கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

மறுநாள் சோதனைத் தட்டின் குழிகள் நிறமேறாமல் கிடந்தன; புரதத்தில் பயோட்டின் ஒட்டவில்லை. அடுத்த குப்பி வெளிநாட்டிலிருந்து சுங்கத்தைத் தாண்டி வர மாதங்கள் ஆகும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டதாக ஆய்வகத் தலைவரிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"அவன்கிட்டயாவது கேட்டுத் தொலைச்சியா?" என்றாள் எல்பா.

"இல்ல."

"அடிப்பாவி! ரெண்டும் போச்சா?"

நில்டா கையுறைகளைக் கழற்றினாள். கைபேசியில், 'அன்னைக்கு ஏன் என்னைக் கூப்பிடல?' என்று எழுதினாள். படித்துப் பார்க்காமல் அனுப்பினாள். அவனுடைய விமானம் கடலுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் நேரம். திரை தானாக அணைந்தது. அவள் மறுபடியும் அதைத் தொட்டு ஒளிரவைத்தாள்.