கதவைப் பூட்டாத அம்மா

கறையைப் பற்றிப் பொய் சொல்கிறவர்களை லாண்டரியக்காவுக்குக் கண்டாலே ஆகாது. காபி கொட்டிய கோட்டைக் கொண்டுவந்து, "மழையில நனைஞ்சுடுச்சுக்கா" என்று நீட்டுவார் ஒருவர். "அப்படியா? எந்த மழை சார் பால், சர்க்கரை எல்லாம் போட்டுப் பெய்யுது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாள். உள்ளதைச் சொன்னால் அதற்கேற்ற மருந்தைப் போடலாம். பொய் சொன்னால் கறையும் போகாது, துணியும் பாழ் என்பது அவள் கட்சி. கல்யாணமான புதிதில் ஒற்றை மெஷினோடு ஆரம்பித்த கடை. வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போய்விடுவார். துவைப்பதும் தேய்ப்பதும் ஆளோடு மல்லுக்கட்டுவதும் இவள் பாடு.

அப்பேர்ப்பட்டவள் தலையில்தான் ஊரே சேர்ந்து ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டது.

அவளுக்கு ஒரே பையன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு மூன்று சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ராக் பாண்டு ஆரம்பித்தான். வாசித்துப் பழக இடம் கிடையாது. கடைக்குப் பின்னால் துணி உலர்த்தும் அறையைக் கொடுத்தாள். தொங்குகிற ஈரப் போர்வைகளுக்கு நடுவில் நின்று கத்தினார்கள். அதனால் பாண்டுக்குப் பெயரே 'ஈரத்துணி'. இருபது வருடம் காலி நாற்காலிகளுக்குப் பாடினார்கள். பையன் பகலில் மெத்தைக் கடையில் வேலை பார்த்தான். அவனுக்கு முன்நெற்றி ஏறியது, மற்றவர்களுக்குத் தொப்பை வைத்தது. கேட்க ஆள் இருந்ததோ இல்லையோ, அவர்களுடைய மேடைச் சட்டைகளை இவள் மட்டும் விடாமல் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தாள்.

அப்புறம், யாரோ ஒரு பெண் அவர்களுடைய பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, கண்ணீர் வழிய முகத்தைக் காட்டி போனில் வீடியோ விட்டாள். அவ்வளவுதான். மூன்றே மாதத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஈரத்துணி.

ரசிகர்கள் வந்தது சந்தோஷம்தான். கூடவே அவர்களுடைய கண்டுபிடிப்புகளும் வந்தன. ஈரத்துணி என்றால் காயாத சோகமாம். மைக் கம்பியில் கட்டியிருக்கும் ஒற்றைக் காலுறை, செத்துப்போன காதலியுடையதாம். கம்பி கடகடவென்று ஆடாமலிருக்க, ஜோடி தொலைந்த உறை ஒன்றை இவள்தான் எடுத்துக் கொடுத்தாள். எந்த மகராசன் விட்டுப்போனதோ. மேடையில் வாயே திறக்காத டிரம்ஸ்காரன் மௌனவிரதமாம். உருளை என்று கூப்பிடும் அந்தத் தடியன் வாய் மூடி அவள் பார்த்ததே இல்லை. ஒரு நிகழ்ச்சியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் மூல வியாதியைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டான், அதிலிருந்து மற்றவர்கள் அவனுக்கு மைக் கொடுப்பதில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான். சிரிப்பு நின்றது அந்தப் பாட்டில்.

"கதவைத் திற அம்மா, மூச்சு முட்டுதே" என்று போகும் பாட்டு. பாடகனைச் சின்ன வயதில் அவன் அம்மா இருட்டறையில் பூட்டி வைத்தாளாம். அந்த ரணத்தைத்தான் பாடுகிறானாம். இது எப்படியிருக்கிறது? நடந்தது வேறு. ஒரு நாள் உலர்த்தும் அறைக்குள் உருளை மாட்டிக்கொண்டான், தாழ்ப்பாள் இறுகிவிட்டது. அவன் உள்ளேயிருந்து கதவைத் தட்டிய தட்டு நல்ல தாளமாக இருந்ததென்று, வெளியே நின்ற கடங்காரப் பயல்கள் திறக்காமல் கிட்டாரை எடுத்துக்கொண்டார்கள். பசங்கள் எல்லோருக்குமே அவள் 'அம்மா'தான். அவன் "அம்மா"வென்று அலறியது கேட்டு, முன்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தவள் இஸ்திரிப் பெட்டியோடு ஓடிவந்து தாழ்ப்பாளை உடைத்தாள். கதவை உடைத்தவள் கதவைப் பூட்டியவள் ஆகிவிட்டாள்.

"ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விடு," என்றார் வீட்டுக்காரர்.

விடத்தான் பார்த்தாள். ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி பனியன் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். மார்பில் பெரிய எழுத்தில் 'கதவைத் திற அம்மா'. கீழே பூட்டுப் படம்.

"அவசரமாத் தேய்ச்சுக் குடுங்கக்கா. அந்தப் பாட்டுக் கதை தெரியுமா உங்களுக்கு? அம்மாவா அவ? ராட்சசி!"

லாண்டரியக்காவுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. "அந்தம்மா பூட்டவே இல்லை. உள்ள மாட்டினது டிரம்ஸ்காரன்."

பெண் பாவம்பார்த்துச் சிரித்தாள். "நீங்க புதுசாக் கேக்கறீங்க போல. ஆரம்பத்துலேருந்து கேக்கற எங்களுக்குத்தான் உண்மை தெரியும்."

"நீ எப்போலேருந்து கேக்கறே?"

"நானா? ரெண்டு மாசமா!"

நான்தான் அந்த ராட்சசி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வரிசையில் அடுத்து நிற்கிறவர்கள் ராட்சசி என்றே நம்பித் தொலைத்தால்? விழுங்கிக்கொண்டாள். அச்சடித்த எழுத்தின் மேல் நேராகச் சூட்டை வைத்தால் எழுத்து உருகிப் போகும். வைத்துவிடு, வைத்துவிடு என்று கை துடித்தது. தொழில் விடவில்லை. பனியனை உள்புறம் திருப்பி, மேலே துணி விரித்து, தன்னைத் திட்டும் எழுத்து ஒன்றுகூடக் கெடாமல் தேய்த்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சட்டைகளை வாங்க வந்த மகனை நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"டேய், பேட்டியில அந்தப் பாட்டைப் பத்திக் கேட்டா, 'அவங்கவங்க புரிஞ்சுக்கறதுதான் அர்த்தம்'னு பல்லைக் காட்டறியாமே? அம்மா பூட்டலைன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய்முத்து உதிர்ந்துடுமா?"

அவன் ஹேங்கரை நோண்டிக்கொண்டே நின்றான். "இருபது வருஷம் கழிச்சு இப்பத்தாம்மா கூட்டம் வருது. அந்தக் கதைக்காகத்தான் வராங்க. உருளை மாட்டிக்கிட்டான்னு சொன்னா யாரும்மா அழுவாங்க?"

"அப்ப நான் ராட்சசியாவே இருந்துட்டுப் போறேன். எடுத்துட்டுப் போடா உன் சட்டையை!"

அவள் குரல் உடைந்துவிட்டது. அவன் அதை அதிகம் கேட்டதில்லை. ஹேங்கரைக் கீழே வைத்துவிட்டு, "சனிக்கிழமை மேடையில சொல்றேன். நீ வா," என்றான்.

போனாள். தேய்த்த புடவையும் காதில் பஞ்சுமாக மைதானத்தில் நின்றாள். கூட்டம் நெரிந்தது. பக்கத்தில் வந்து இடித்தவள் அதே பனியன்காரி.

"ஹை, நீங்களா! நீங்களும் ரசிகையாக்கா? எப்போலேருந்து?"

"அவன் பொறந்ததுலேருந்து."

"செம!" என்றாள் அவள்.

கடைசியாக அந்தக் கதவுப் பாட்டு. அதற்கு முன் மகன் மைக்கைப் பிடித்தான். பாடும்போது வராத நடுக்கம் பேசும்போது வந்தது. "ஒரு விஷயம் சொல்லணும். எங்கம்மா என்னைப் பூட்டினதே இல்லை. மாட்டிக்கிட்டது நம்ம உருளை. கதவை உடைச்சுத் திறந்தவங்கதான் எங்கம்மா. இந்தக் கூட்டத்துலதான் நிக்கறாங்க."

லாண்டரியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. பனியன்காரி அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"கேட்டீங்களாக்கா? அந்தப் பொம்பளை இங்க வந்திருக்காளாம்! அதான் பயந்துபோய் இப்படி மாத்திப் பேசறாரு. குரல் எப்படி நடுங்குது பாருங்க!"

முன்வரிசையிலிருந்து யாரோ ஆரம்பித்தார்கள். "பயப்படாதே! பயப்படாதே!" மைதானம் முழுக்க அதையே கத்தியது. சிலர் அழுதார்கள். சிலர் எட்டி எட்டி ராட்சசியைத் தேடினார்கள்.

"ஐயோ, நான்தாண்டி அந்தம்மா!" என்று கத்தினாள் லாண்டரியக்கா.

பெண் அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். "சும்மா இருங்கக்கா. என் ஆறுதலுக்குன்னாலும் அப்படிச் சொல்லாதீங்க. உங்க முகத்துக்கும் அந்த ராட்சசிக்கும் சம்பந்தமே இல்லை."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அந்தப் பெண்ணின் தோளில் முகம் புதைந்தபடி, ஆயிரம் பேர் தன்னைக் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவதைக் கடைசி வரி வரை கேட்டு நின்றாள்.

மேடைக்குப் பின்னால் மகன் ஓடிவந்தான். உடம்பெல்லாம் வியர்வை. பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகம்.

"சொல்லிட்டேன் பாத்தியாம்மா? எனக்குக் காலே ஆடிப்போச்சு. நான் பேசத் தடுமாறறதைப் பாத்து, 'பயப்படாதே, பயப்படாதே'ன்னு எப்படித் தைரியம் குடுத்தாங்க! நம்பிட்டாங்க இல்லம்மா?"

அவனுக்குப் பின்னால் உருளை மூச்சுவிடாமல் எதையோ பேசிக்கொண்டிருந்தான். லாண்டரியக்கா மகனைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தை இழந்தாலும் பரவாயில்லை என்றுதானே அந்த வார்த்தையைச் சொன்னான்?

"நம்பிட்டாங்கடா," என்றாள். "சட்டையைக் கழட்டிக் குடு. காலையில மொதல்ல உன்னோடதைப் போட்டுடறேன்."